ஆர்.ஓ. சவ்வின் கதை: வரவும் செலவும்



திண்டுக்கல் போர் தண்ணீரின் உப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாறை பூமி. போதாததற்குத் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவும் பல இடங்களில் நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் குழாயில் வராத நாட்களில் நமக்குக் கைகொடுப்பது ஆர்.ஓ. தான். அதற்குள் இருக்கும் சவ்வுக்கு ஒரு வரலாறு உண்டு.

உப்பைப் பிரிக்கும் சவ்வு முன்பே இருந்தது. ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட்டில் புதுச் சவ்வு செய்தார்கள். மேலே மிக மெல்லிய தோல், அடியில் பஞ்சு போன்ற தாங்கல். தண்ணீர் தாராளமாக வந்தது. 1965-ல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊருக்கு இம்முறையில் குடிநீர் கிடைத்தது.

1970களில் ஜான் கடோட் பாலிஅமைடு சவ்வைக் கொண்டுவந்தார். குறைந்த அழுத்தத்திலேயே அதிகத் தண்ணீர்; உப்பும் நன்றாகக் குறையும். இன்று வீட்டு ஆர்.ஓ.விலும் இருப்பது இந்த வகைதான்.

வரவு இருந்தால் செலவும் உண்டல்லவா? பழைய சவ்வின் மேற்பரப்பு வழுவழுப்பானது, ஓரளவு குளோரினையும் தாங்கும். பாலிஅமைடின் மேற்பரப்போ நுண்ணிய மேடு பள்ளமாக இருக்கும். பாக்டீரியா அதில் ஒதுங்கி, பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து படலமாகப் படியும். குளோரின் விட்டுக் கொல்லலாம் என்றால், அது சவ்வையே அரித்துவிடும். அதனால்தான் முன்னால் கார்பன் ஃபில்டர் வைத்துக் குளோரினை எடுக்கிறார்கள். அதைத் தாண்டியபின் தண்ணீருக்குக் காவல் கிடையாது.

தண்ணீரை விரும்பும் வழுவழுப்பான பூச்சைச் சவ்வின் மேல் பூசியும் பார்க்கிறார்கள். ஒட்டுவது தாமதமாகும், நிற்காது. முதல் படலம் படிந்துவிட்டால் அடுத்து வருவது அதன்மேல்தானே உட்காரும்!

ஆகவே நம் கையில் இருப்பது பராமரிப்புதான். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும் முன், கார்பன் ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று கேளுங்கள். தண்ணீர் குறைந்தால் பம்பின் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். சவ்வைக் கழுவச் சொல்லுங்கள். நாட்கணக்கில் இயந்திரத்தை நிறுத்தி வைக்காதீர்கள். பொதுக்குழுவில் பராமரிப்புச் செலவைக் குறைக்கலாம் என்று பேச்சு வந்தால், புதுச் சவ்வின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள்.