தோட்ட மருந்தகமும் மருந்துச் சட்டங்களும்: பேராக் மாநிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசிய இந்தியர் வரலாற்றை எழுதியோர் சம்பளம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றுக்கு அளித்த இடத்தை மருந்துக்கு அளித்தாரல்லர். ஆயினும், தோட்டத் தமிழர் சட்டத்தின் பயனையும் குறையையும் தம் உடம்பிலேயே உணர்ந்த இடம் தோட்ட மருந்தகமாகும். மருந்து குறித்த சட்டங்கள் யாரைக் காத்தன, யாருக்குச் சந்தையைத் திறந்துவிட்டன என்னும் இரு வினாக்களைப் பேராக் மாநிலத்தை முன்வைத்து ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

ஆளைப் பதிந்த காலம்

1877இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் காடுகள் பல இரப்பர்த் தோட்டங்களாயின. காடு திருத்திய தமிழரை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. கொய்னாவே அன்றைய முதன்மை மருந்து. தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிக்கும் கடமையைக் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டங்கள் முதலாளிமார்மீது சுமத்தின. நடைமுறையில் அக்கடமை ‘டிரசர்’ என மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளர் ஒருவரின் கையில் வந்து முடிந்தது.

விடுதலைக்கு முன்னரே 1951இல் மருந்தாளர் பதிவுச் சட்டமும், 1952இல் நச்சுப்பொருள் சட்டமும் மருந்து விற்பனைச் சட்டமும் இயற்றப்பெற்றன. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. இவை மருந்தைக் கையாளும் ஆளையும் விற்பனையையும் நெறிப்படுத்தின. ஒவ்வொரு மருந்தையும் சந்தைக்கு வருமுன் ஆராய்ந்து பதியும் முறை அன்று இல்லை.

பொருளைப் பதிந்த காலம்

அம்முறையைக் கொணர்ந்தவை 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளாகும். அவற்றின்கீழ் அமைந்த மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் 1985இல் மருத்துவர் சீட்டுக்குரிய மருந்துகளிலிருந்து பதிவைத் தொடங்கியது. 1992இல் மரபுவழி மருந்துகளும் பதிவுக்கு உட்பட்டன. ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் பதிவெண் மரபு மருந்தின் அடையாளமாயிற்று. கன உலோகக் கலப்பும், மறைவாகச் சேர்க்கப்படும் ஸ்டீராய்டுகளும் மக்களைத் தாக்கிவந்த நிலையில் இக்கட்டுப்பாடு தேவையே என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும் பதிவுக்குப் பணமும் ஆய்வுக்கூடமும் தொழிற்கூடமும் வேண்டும். ஈப்போவில் 1941இல் ஹோ காய் சியோங் உருவாக்கிய ‘ஹோ யான் ஹோர்’ மூலிகைத் தேநீர் இதற்கு நல்ல சான்று. நகரக் கடையில் தொடங்கிய அவ்வணிகக் குடும்பத்திலிருந்தே 1980இல் ஹோவிட் மருந்து நிறுவனம் தோன்றியது. தோட்டத் தமிழரிடமும் சுக்கு, மிளகு, வேப்பிலை, நிலவேம்பு பற்றிய அறிவு இருந்தது. ஆனால், தோட்ட வீடு நிர்வாகத்துக்குரியது, நிலமும் அவ்வாறே. கடை வைக்கவோ கடன் பெறவோ பிணையாகக் காட்ட அவர்களிடம் ஒன்றுமில்லை. ஆகவே அவர்தம் மருந்து அம்மியோடு நின்றது. விற்பனைப் பொருளாகாததால் பதிவேட்டிலும் ஏறவில்லை. அறிவின் குறைவன்று, உடைமையின்மையே இதற்குக் காரணம் என்பது நம் கருத்து.

செம்பனையும் உயிரித் தொழில்நுட்பமும்

இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தபின், தோட்டத் தமிழர் பலர் நகரோரங்களுக்குப் பெயர்ந்தனர். அச்செம்பனையின் எண்ணெயிலிருந்து உயிர்ச்சத்து ‘இ’ வகையைச் சேர்ந்த டோக்கோட்ரியனோலைப் பிரித்தெடுக்கும் தொழில் ஈப்போவை அடுத்த செம்மோரில் வளர்ந்தது. ஹோவிட் குழுமத்தின் கரோடெக் முன்னெடுத்த அத்தொழிலை இன்று எக்செல்வைட் நடத்துகிறது. 2005இல் அரசு தேசிய உயிரித் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. மண்ணைப் பண்படுத்தியோரின் வழித்தோன்றல்கள் இத்துறையில் எவ்விடத்தில் நிற்கின்றனர் என்பது ஆராயத்தக்கது.

அண்மைக்கால மாற்றங்கள்

2016இல் மரபுவழி, துணைநிலை மருத்துவச் சட்டம் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. மரபுவழி இந்திய மருத்துவம் ஏற்பு பெற்ற துறைகளுள் ஒன்றாயிற்று. சித்த மருத்துவமும் அதனுள் அடங்கும். 2017 சனவரியில் தரக்குறைபாட்டின்பேரில் ஹோவிட்டின் உற்பத்தி உரிமம் மீட்டுக்கொள்ளப்பட்டு, அவ்வாண்டிலேயே மீண்டும் வழங்கப்பட்டது. பெரிய நிறுவனமாயினும் விதிக்கு விலக்கில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. அதே ஆண்டு செப்டம்பரில், கல்லீரல் அழற்சி ‘சி’ நோய்க்கான சொஃபோஸ்புவிர் மருந்தைக் காப்புரிமையாளரின் இசைவின்றிக் குறைந்த விலையில் பெறும் உரிமையை அரசு பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. 2025 மே முதல் நாள் தொட்டுத் தனியார் மருந்தகங்களும் சிகிச்சையகங்களும் மருந்து விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்னும் ஆணை நடப்பிலுள்ளது. தோட்டத்தில் விலையின்றி மருந்து பெற்ற தலைமுறையின் பிள்ளைகள், இன்று விலைப்பட்டியலைப் படித்து மருந்து வாங்குகின்றனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. சட்டம் உயிரைக் காத்தது. ஆனால் முதலுடையோர்க்கே சந்தையைத் திறந்தது. சித்த மருத்துவம் ஏற்பு பெற்றுள்ள இவ்வேளையில், தோட்ட மருந்தகப் பதிவேடுகளையும் முதியோர் நினைவிலுள்ள கைம்மருந்து முறைகளையும் தொகுப்பது நம் துறையின் கடமையாகும். தொகுத்தவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளவேண்டும். தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறிவரும் பேராக்கில் இப்பணியைத் தள்ளிப்போடுதல் தகாது.