ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி... பழவேற்காட்டை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க!

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பாருங்க. சிப்காட் ஷிஃப்டுக்குப் போறவங்க பலர் குனிஞ்ச தலை நிமிராம போன் பார்த்துட்டிருப்பாங்க. தமிழ், இந்தி, தெலுங்குன்னு ஒவ்வொரு ஸ்கிரீனிலும் ஒரு உலகம். பக்கத்து சீட்டுக்காரர் நல்லவரா, கெட்டவரா என்பதைக்கூட இப்போ அந்த ஸ்கிரீன்தான் முடிவு பண்ணுது. விபரீதம் அங்கேதான் ஆரம்பிக்குது.

வதந்தி வாங்கிய உயிர்

2018 மே மாதம். 'குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கு' என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியது. திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில், ஊருக்குப் புதியவரான ஒருவரைக் கடத்தல்காரர் என நினைத்து ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அதே வாரம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரும் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். அந்த வருஷம் இந்தியாவில் சுற்றிய 'கடத்தல்' வீடியோ ஒன்று, கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதைச் சொல்லும் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டியிருந்தார்கள்!

ஏன் நம்புறோம்?

ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அது உண்மைன்னு மூளை நம்ப ஆரம்பிச்சிடும். 1977-லேயே உளவியல் ஆய்வு இதைக் காட்டியது. நாலு குரூப்பில் ஒரே மெசேஜ் வந்தா, நாலு பேர் சாட்சி சொன்ன மாதிரி நமக்குத் தோணும். ஆனா, கிளம்பின இடம் ஒண்ணுதான்.

பயம் இரு பக்கமும்

2023 மார்ச்சில் கதை தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவ, பலர் பயந்துபோனார்கள். அவை பொய்யானவை என டி.ஜி.பி சைலேந்திர பாபு விளக்கம் தந்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. 2018-ல் நாம் வெளியூர்க்காரரைப் பார்த்துப் பயந்தோம். 2023-ல் அவர்கள் நம்மைப் பார்த்துப் பயந்தார்கள். இரண்டுக்கும் காரணம் கையில் இருந்த போன்.

நீங்க செய்யவேண்டியது

* மெசேஜ் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தா, அது பல கை மாறி வந்தது. உஷார்!

* வீடியோவில் ஊர், தேதி இருக்கா பாருங்க. ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்க.

* கோபமோ பயமோ வந்தா, பத்து நிமிஷம் போனைக் கீழே வைங்க.

2018-ல் இந்தியாவில் ஒரு ஃபார்வேர்டுக்கு ஐந்து சாட்கள் என வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. அந்த ஐந்து சாட்களுக்கும் அனுப்பலாமா, வேண்டாமா என்பது உங்க விரலில்தான் இருக்கு!