ரத்தப் பரிசோதனை அறிக்கையும் நிகாஹ் பேச்சும்: தலசீமியா பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



நிகாஹ் பேசி முடிக்கும் முன் நம் குடும்பங்கள் எத்தனையோ விஷயங்களை விசாரிக்கின்றன. மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எந்த மஹல்லா, பெண் ஓதியிருக்கிறாளா, தீன் பற்று எப்படி என்றெல்லாம் கேட்கிறோம். ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்பவர் மிகக் குறைவு. சொந்தத்துக்குள் சம்பந்தம் என்றால் விசாரணையே இல்லை. "நம்ம பிள்ளைதானே" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பிறகு குழந்தை பிறக்கிறது. ஆறேழு மாதத்தில் வெளிறிப் போகிறது, பால் குடிக்க மறுக்கிறது, வயிறு உப்புகிறது. மருத்துவர் "தலசீமியா மேஜர்" என்கிறார். பெற்றோர் இருவருக்கும் இதுவரை எந்த நோயும் வந்ததில்லை. "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு ஆலிம்களிடமும் வருகிறார்கள். சபூர் செய்யுங்கள் என்று சொல்வது நம் கடமை. முன்கூட்டியே அறியும் வழி இருக்கிறது என்று சொல்வதும் நம் கடமைதான். அதற்காகவே இக்கட்டுரை.

சிபிசி அறிக்கையில் என்ன இருக்கிறது?

காய்ச்சலுக்கோ, பிரசவத்துக்கோ, அறுவை சிகிச்சைக்கோ மருத்துவமனை சென்றால் முதலில் எடுப்பது சிபிசி என்ற ரத்த அணுக்கள் பரிசோதனை. அதில் மூன்று வகை அணுக்களின் கணக்கு இருக்கும். வெள்ளையணுக்கள் கிருமிகளை எதிர்ப்பவை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்கும். பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் ரத்தம் உறைய உதவுபவை. அவை 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமப்பவை. ஒவ்வொரு சிவப்பணுவும் சுமார் 120 நாட்கள் வாழும்.

சிவப்பணுவுக்குள் இருக்கும் புரதம் ஹீமோகுளோபின். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, அது ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் கீழே போனால் ரத்த சோகை.

பெரும்பாலானோர் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே எம்சிவி என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எண் அது. 80 முதல் 100 வரை இருப்பது இயல்பு. 80க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன என்று பொருள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

எல்லா ரத்த சோகையும் இரும்புச்சத்துக் குறைவா?

அணுக்கள் சிறுத்திருந்தால் நம் நாட்டில் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவுதான். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும், பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் ஈரலும் சேர்த்தும் எம்சிவி ஏறாமல் நிற்கும் சிலர் உண்டு. அவர்களில் ஒரு பகுதியினர் தலசீமியா கடத்துநர்கள். ஆங்கிலத்தில் 'கேரியர்' அல்லது 'தலசீமியா மைனர்' என்பார்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவர்கள் ஓர் எளிய கணக்குப் போடுவதுண்டு. எம்சிவியை, மில்லியன் கணக்கில் எழுதப்பட்ட சிவப்பணு எண்ணிக்கையால் வகுப்பார்கள். விடை 13க்குக் கீழே என்றால் தலசீமியா கடத்துநராக இருக்கலாம். 13க்கு மேல் என்றால் இரும்புக் குறைவாக இருக்கலாம்.

ஓர் உதாரணம். ஒருவருக்கு ஹீமோகுளோபின் 11.2, எம்சிவி 64, சிவப்பணு 5.6 மில்லியன். 64ஐ 5.6ஆல் வகுத்தால் சுமார் 11.4. அணுக்கள் சிறுத்திருந்தும் எண்ணிக்கை குறையவில்லை, இது தலசீமியா பக்கம் கைகாட்டுகிறது. இன்னொருவருக்கு எம்சிவி 70, சிவப்பணு 3.9 மில்லியன். விடை சுமார் 18. உடலில் இரும்பு இல்லாததால் அணு உற்பத்தியே குறைந்திருக்கிறது.

இது சந்தேகத்தைக் கிளப்பும் கணக்கு மட்டுமே, தீர்ப்பு அல்ல. உறுதி செய்ய இரு பரிசோதனைகள் உண்டு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டுவது எச்பிஎல்சி. அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவர் பீட்டா தலசீமியா கடத்துநர் என்று பொதுவாகக் கொள்வார்கள். இரும்புக் குறைவும் கூடவே இருந்தால் ஏ2 சற்றுக் குறைந்து காட்டக்கூடும். எனவே முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மீண்டும் சோதிக்கச் சொல்வார்கள்.

மரபணுவில் நடப்பது என்ன?

ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நம் எல்லோருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. அதில் நேரும் சிறு எழுத்துப்பிழை போன்ற மாற்றத்தால் பீட்டா சங்கிலி குறைவாக உற்பத்தியாகும், அல்லது உற்பத்தியே ஆகாது. இப்படிப்பட்ட 200க்கும் மேற்பட்ட மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

ஒரு பிரதி மட்டும் பழுதென்றால் அவர் கடத்துநர். இன்னொரு பிரதி வேலையைப் பார்த்துக்கொள்வதால் அவர் படிக்கலாம், உழைக்கலாம், நோன்பு நோற்கலாம், நிறைவான ஆயுளோடு வாழலாம். இந்தியாவில் சராசரியாக 100 பேரில் மூன்று முதல் நான்கு பேர் இப்படிப்பட்டவர்கள். சில சமூகங்களில் இது இன்னும் அதிகம்.

கணவன், மனைவி இருவருமே கடத்துநர் என்றால்தான் சோதனை வருகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரு பிரதிகளும் பழுதாகலாம். நான்கில் இரு பங்கு குழந்தை கடத்துநராகலாம். நான்கில் ஒரு பங்கு எந்தப் பழுதும் இல்லாமல் பிறக்கலாம். "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

இரு பிரதிகளும் பழுதான குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். கருவிலிருந்து வந்த ஹீமோகுளோபின் சில மாதங்கள் காப்பாற்றும். அது குறையக் குறைய நோய் வெளிப்படும். 1925இல் அமெரிக்க மருத்துவர் தாமஸ் கூலி இதை விவரித்தார். பிறகு, மத்தியதரைக் கடல் பகுதி மக்களிடம் அதிகம் காணப்பட்டதால், கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து தலசீமியா என்ற பெயர் வந்தது.

இக்குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுவதும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்திலுள்ள இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்ற தனி மருந்து வேண்டும். ஒழுங்கான சிகிச்சையில் இவர்கள் வளர்ந்து, படித்து, மணம் முடிக்கவும் முடிகிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயைத் தீர்க்க வல்லது. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 2023இல் மரபணுத் திருத்த சிகிச்சைக்கு பிரிட்டன் அனுமதி அளித்தது. ஆனால் அதன் செலவு சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது.

எல்லா மரபணு மாற்றமும் பரம்பரையல்ல

ரத்தக் கணக்கில் மாறுதல் என்றதும் பிள்ளைகளுக்கும் வருமோ என்று பயப்பட வேண்டியதில்லை. சில மாற்றங்கள் பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜை அணுவில் மட்டும் நேர்பவை. வெள்ளையணுக்கள் மிக அதிகமாகும் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருக்கும். சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் ஒரு நோயில் ஜேஏகே2 என்ற மரபணு மாறியிருக்கும். இவை பெற்றோரிடமிருந்து வருபவை அல்ல, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. தலசீமியாவும் அரிவாள் அணு நோயும் பரம்பரை வழி வருபவை. எது எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது முக்கியம்.

சொந்தத்தில் திருமணமும் ஷரீஅத்தும்

மாமன் மகளையோ, சாச்சா மகளையோ மணப்பது ஷரீஅத்தில் ஹலால். அதை யாரும் ஹராமாக்க முடியாது. அதேநேரம் அது கடமையும் அல்ல. பாட்டனார் ஒருவர் கடத்துநராக இருந்தால், அவருடைய பேரப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பொதுவில் 100க்கு மூன்று நான்கு என்பது அந்தக் குடும்பத்துக்குள் 25 ஆகிவிடுகிறது. அத்தகைய பேரனுக்கும் பேத்திக்கும் முடிச்சுப் போடும்போது பரிசோதனை மிகவும் தேவை. வெளியில் சம்பந்தம் செய்தாலும் கடத்துநர் அமையலாம். எனவே பரிசோதனை எல்லோருக்கும் பொது.

சந்ததியைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்று உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள். பரிசோதிப்பது தவக்குலுக்கு முரணானதல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் வைப்பதுதான் நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழி.

முஸ்லிம் நாடுகள் இதில் தயங்கவில்லை. ஈரான் 1997இல் திருமணத்துக்கு முந்தைய தலசீமியா பரிசோதனையைத் தேசியத் திட்டமாக்கியது. சவூதி அரேபியா 2004இல் கட்டாயமாக்கியது. நமக்கு அருகிலுள்ள மாலத்தீவு, உலகிலேயே கடத்துநர்கள் மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. அங்கும் தேசியத் திட்டம் உண்டு. இலங்கையில் குருநாகலில் தேசிய தலசீமியா மையம் இயங்குகிறது.

இருவரும் கடத்துநர் என்று தெரிந்தால்?

நிகாஹ் முடியாத நிலையில் வேறு இடம் பார்ப்பது குற்றமல்ல. நிகாஹ் செய்ய முடிவெடுத்தாலும், முடித்துவிட்டிருந்தாலும், அந்த நிகாஹ் செல்லும். கர்ப்பத்தின் 10 முதல் 13 வாரங்களுக்குள் நச்சுக்கொடித் திசுவை எடுத்துக் குழந்தையின் நிலையை அறியலாம். கடுமையான, தீர்க்க முடியாத குறைபாடு நம்பகமான நிபுணர் குழுவால் உறுதியானால், 120 நாட்கள் முடியும் முன் பெற்றோர் வேண்டினால் கருக்கலைப்புக்கு இடமுண்டு என்று மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவை 1990இல் முடிவெடுத்தது. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே மருத்துவரையும் நம்பகமான ஆலிமையும் நேரில் கலந்தே முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் அந்த அவகாசமே கைவிட்டுப் போகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. மகனுக்கும் மகளுக்கும் சம்பந்தம் பேசும் முன்பே சிபிசி எடுங்கள். எம்சிவி 80க்குக் கீழே இருந்தால் ஃபெரிட்டினும் எச்பிஎல்சியும் பாருங்கள். சொந்தத்தில் சம்பந்தம் என்றாலும், குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருந்தாலும், எம்சிவி எப்படியிருந்தாலும் எச்பிஎல்சி பார்த்துவிடுவது நல்லது. நிச்சயம் முடிந்து ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு பார்ப்பதை விட இதுவே கண்ணியம்.

2. ஒருவர் கடத்துநர் என்று தெரிந்தால் உடன்பிறந்தோரும் பரிசோதிக்க வேண்டும். ஒருவர் மட்டும் கடத்துநர், மற்றவர் இல்லை என்றால் தயங்காமல் நிகாஹ் செய்யலாம்.

3. ஃபெரிட்டின் பார்க்காமல் வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவர் சொல்லாமல் தாமாக நிறுத்தக் கூடாது.

4. பரிசோதனை முடிவு ஓர் அமானிதம். அதை வெளியே பேசுவது புறம். தெரிந்தும் மறைத்துச் சம்பந்தம் செய்வது மோசடி.

5. நோயுற்ற குழந்தை பிறந்தால் மருமகள் மீது பழி போடாதீர்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே இந்நோய் வரும். இதைச் சொல்லித் தலாக் கேட்கும் மாமியார்கள் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும்.

6. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியா சேர்க்கப்பட்டுள்ளது. பாதிக்கப்பட்டோர் சான்றிதழ் பெற விண்ணப்பிக்கலாம்.

7. ஜமாஅத் இளைஞர்கள் ரமழானிலும் இரவு நேரத்தில் ரத்தம் கொடுக்க முன்வரலாம். இக்குழந்தைகளின் தேவைக்கு மாதம், பெருநாள் என்ற வேறுபாடில்லை.

நிகாஹ் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் இமாம்களும் ஒரு ஜும்ஆவில் இதை எடுத்துச் சொன்னால், ஒரு குழந்தையின் வாழ்நாள் வேதனையைத் தடுக்கக் காரணமாகலாம். ஏற்கெனவே சோதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அல்லாஹ் பொறுமையையும் ஷிஃபாவையும் தருவானாக. நம் சந்ததிகளை ஆஃபியத்தோடு ஆக்கி வைப்பானாக. ஆமீன்.