மலையில் ஒரு மருத்துவச்சி

போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் ஜமுனாமரத்தூர் வரும். அதற்குச் சற்று அப்பால், மலையாளிகள் குடியிருப்பு ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து சாமை புடைத்துக் கொண்டிருந்த ஒரு கிழவியோடு எனக்குப் பரிச்சயம் ஏற்பட்டது. மலையாளி என்றதும் கேரளத்துக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் மலைக்குடிகள் இவர்கள்.

கிழவி ஒரு காலத்தில் மருத்துவச்சி. அவளுடைய தலைப் பிரசவமும் வீட்டில்தான்.

"வலி எடுக்கிற வரைக்கும் சாமை குத்தினேன் சாமி. மாமியா விட்டத்துல கயிறு கட்டித் தொங்க விட்டா. அதைப் புடிச்சிக்கிட்டு முட்டி போட்டேன். விடியறதுக்குள்ள பையன் பொறந்துட்டான்."

"பயமாக இல்லையா, பாட்டி?"

முறம் நின்றுவிட்டது. அவள் தங்கையின் கதையைச் சொன்னாள். குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. உதிரப் போக்கு மட்டும் நிற்கவில்லை. டோலி கட்டித் தூக்கிக் கொண்டு இறங்கினார்கள். பாதி மலையிலேயே திரும்பி விட்டார்கள்.

"புள்ளையை எடுக்க எனக்குத் தெரியும். ரத்தத்தை நிறுத்தத் தெரியலையே, சாமி!"

இந்த மலைத் தொடருக்கு வடக்கே இருக்கிறது வேலூர். அங்கே வைத்தியம் செய்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை எனக்கு நினைவு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில், திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று கணவன்மார் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவத்தில் ஆபத்து. ஐடாவின் தந்தையார் டாக்டர். கூப்பிட்டால் வரத் தயாராக இருந்தார். ஆனால் அந்நிய ஆடவன் தொடுவதை அவர்கள் சம்மதிக்கவில்லை. வைத்தியம் படிக்காத ஐடாவால் என்ன செய்ய முடியும்? பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டு போனார்கள்.

ஐடா அமெரிக்கா சென்று படித்து, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் திறந்தார்.

திண்டிவனத்தில் டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். வீட்டுக் கதவு திறக்கவில்லை. மலையிலோ கதவு திறந்தே கிடந்தது. டாக்டர்தான் எட்டாத தூரத்தில் இருந்தார். இரண்டு இடத்திலும் செத்தவள் தாய்தான். பழியை மருத்துவச்சியின் தலையில் போடுவது நமக்குச் சுலபம். அவளுக்குத் தெரிந்ததை அவள் குறைவின்றிச் செய்தாள். தெரியாததைச் செய்யக் கூடியவரை அவள் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது மற்றவர்கள் பொறுப்பல்லவா?

2008-ல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கக் காத்திருப்பு அறைகளும் ஏற்பட்டன.

நான் விடைபெறும்போது கிழவி சொன்னாள்:

"பேத்தியை முன்னாடியே அங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டோம். நர்ஸம்மா பார்த்துக்கிட்டாங்க. நானும் கூட இருந்து இடுப்பைத் தேய்ச்சு விட்டேன்."

முறம் மறுபடி அசையத் தொடங்கியது.