வெளியேறியவர்களும் உள்ளே வந்தவர்களும்



பெருநகரங்களில் முற்போக்கு புராட்டஸ்டண்ட் சபைகள் தேய்ந்துவருகின்றன என்பது பழைய பேச்சு. தேய்ந்த சபை ஒன்று மீண்டும் எப்படித் தழைத்தது என்பதை இந்த நினைவு நாளில் நாம் பார்ப்போம். அது அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில் உள்ள கிளைட் நினைவு ஆலயம்.

லிசி கிளைட் என்ற செல்வந்தப் பெண்மணி, மறைந்த கணவரின் நினைவாக 1929இல் அறக்கட்டளை நிறுவி நிலம் வாங்கினார். 1931இல் மெதடிஸ்ட் ஆலயம் எழுந்தது. 1963இல் செசில் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் போதகர் அங்கு வந்தபோது, பெரும்பாலும் வெள்ளையரான சில பத்துப் பேரே சபையில் எஞ்சியிருந்தனர். வாசலுக்கு வெளியிலோ ஏழைகளும், வீடற்றவர்களும், குடும்பத்தால் விரட்டப்பட்ட தன்பாலீர்ப்பு இளைஞர்களும் நிறைந்திருந்தனர்.

இனப்பிரிவினை நிலவிய டெக்சாசில் பிறந்து வளர்ந்த வில்லியம்ஸுக்கு மூடிய கதவு புதிதல்ல. 1964இல், போதகர்களும் தன்பாலீர்ப்பினரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பில் அவரும் பங்கேற்றார். 1965 புத்தாண்டு நாளில் அவ்வமைப்பு நடத்திய நடன விழாவைக் காவல்துறை அலைக்கழித்தது. போதகர்கள் அதை வெளிப்படையாகக் கண்டித்தனர். 1967இல் வில்லியம்ஸ் ஆலயத்துக்குள் இருந்த சிலுவையையே அகற்றினார். மரணத்தின் சின்னத்தைவிட உயிரோடிருக்கும் மனிதரே முக்கியம் என்றார். ஜாஸ் இசை ஒலித்தது. பழைய உறுப்பினர் பலர் வெளியேறினர். அவர்களைவிடப் பல மடங்கினர் உள்ளே வந்தனர். கைக்குழந்தையாக ஜப்பானிய அமெரிக்கர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்ட கவிஞர் ஜானிஸ் மிரிகிடானி, வில்லியம்ஸுடன் சேர்ந்து அதன் பணிகளைக் கட்டியெழுப்பினார்.

இதில் நாம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, அங்கே உணவு வாங்க வரிசையில் நின்றவருக்கு ஆராதனையிலும் இடம் இருந்தது. சோறு மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் அது தருமச் சத்திரமாக நின்றிருக்கும். இரண்டாவது, அறக்கட்டளையின் சொத்து. வெளியேறியவர்களின் காணிக்கையை மட்டுமே நம்பியிருந்தால், போதகரின் துணிச்சல் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? சமத்துவத்துக்கும் பொருளாதார அடித்தளம் வேண்டும்.

நம் மண்ணிலும் இந்தக் கேள்வி எழுந்ததுண்டு. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகள் சாதியைக் கைவிடவேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதியை விட மனமில்லாதவர்கள் கொதித்தெழுந்தனர். பலர் சபையை விட்டே போயினர். ‘ஆட்கள் போய்விடுவார்கள்’ என்ற அச்சம் அன்று முதல் இன்றுவரை நம்மிடம் காட்டப்படுகிறது. போகிறவர்களை எண்ணுகிறவர்கள், கடைசி இருக்கையில் அமர்த்தப்பட்டவர்களை எண்ணுவதில்லை.

மாணவர்களே, உங்கள் ஊர்ச் சபையின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் நீங்கள். அதன் வருகைப் பதிவேட்டோடு நிறுத்தாதீர்கள். நிலப் பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கிறது, கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.