கூப்பன் பிறந்த கதை

அரியாலையில் எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் அரசாங்க உதவி என்று சொல்லிப் பாருங்கள். "கூப்பனோ?" என்பார். கூப்பன் ஒழிந்து நாற்பது வருசத்துக்கு மேலாகிறது. சொல் மட்டும் போகவில்லை.

கூப்பனைப் பெற்றது இரண்டாம் உலக யுத்தம். 1942இல் பர்மா யப்பானியர் கையில் விழ, ரங்கூன் அரிசிக் கப்பல் நின்றுபோனது. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு கடல்கடந்து வந்தது. இருப்பதைப் பங்கிட வந்ததுதான் கூப்பன் புத்தகம். உமலோடு சங்கக் கடைக்குப் போனால், மனேச்சர் கிழமைத் துண்டைக் கிழித்துக்கொண்டு கொத்தால் அளந்து போடுவார். அப்புக்காத்து வீட்டுக்கும் அதே கூப்பன், கூலிக்காரர் வீட்டுக்கும் அதே கூப்பன்.

யுத்தம் முடிந்தும் அதில் கைவைக்க அரசுகள் பயந்தன. துணிந்தவர் பட்டார். 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு கொதித்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது! பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

கடைசியில் 1978இல், மாதம் 300 ரூபாவுக்குள் வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் கூப்பன் என்றாக்கி, மறுவருசம் அதை உணவு முத்திரையாக மாற்றினார்கள். சாமான் விலை ஏறியது, முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. அதைவிடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது வேறு. "ஆர் ஏழை?" என்ற கேள்வி அப்போதுதான் ஊருக்குள் வந்தது.

பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என்று உதவித் திட்டங்கள் வந்தன. சமுர்த்தி பிறந்த அதே வருசம், ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் மழைக்குள் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு யுத்தத்தால் இடம்பெயர்ந்து நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அந்நாளில் தெரிந்த சொல் நிவாரணம்.

2023இல் வந்தது அஸ்வெசும. நம்முடைய ஆசுவாசத்துக்குச் சொந்தக்காரச் சொல். கூரை, சுவர், சொத்து, மின்சாரப் பாவனை என்று 22 அளவுகோல்கள். தகப்பன் கட்டிய கல்வீட்டில் தனியே இருக்கும் ஆச்சிக்கும் கூரை உண்டு, சுவர் உண்டு. அரியாலைப் பூம்புகார்ப் பக்கம், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் கடல் வருமானத்தை நம்பிப் பிள்ளை வளர்க்கும் விதவைக்கும் அவை உண்டு. படிவத்தில் இருவரும் வீடுள்ளவர்கள்.

படிவத்தோடு வரும் உத்தியோகத்தரே, திரும்பிப் போகமுன் அடுப்படியையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.