கரையான் தின்ன முடியாத ஏடு

அருமனையில் மழைக்காலம் வந்தால் புத்தகங்களுக்குத்தான் முதலில் கேடு. பாட்டா மச்சில் வைத்துப்போன புறநானூற்றைக் கரையான் எனக்கு முன்பே படித்து முடித்துவிட்டது.

பனையேட்டுக் காலத்தில் இதற்கு ஒரு மருந்து, ஏடு சிதையுமுன் படியெடுப்பது. கொடுக்க மனமில்லாதவர் வீட்டில் நூலும் அவரோடு மாண்டது.

கணினி நிரலையும் எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பகிரலாம் என்று 1983-இல் இயக்கம் கண்டார் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். நம் பழைய நூல்களுக்கு அப்படியொரு வழியைத் திறந்தது, 1998 பொங்கலன்று ஸ்விட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம். ஒருவரையொருவர் கண்டிராத தமிழர்கள் கூலியின்றித் தட்டச்சு செய்தார்கள்; பிழை பார்த்தார்கள்.

பாட்டாவின் புறநானூற்றை அதில்தான் காசில்லாமல் படித்தேன். உழைத்தவர் பெயர் முகப்பிலேயே இருந்தது. ஏட்டின் கடைசியில் எழுதினவன் பெயர் இருக்குமே, அதைப்போல.